ஸ்கிச் சப்பாத்தை இரவே காயவையுங்கள்: சுவிஸுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

சுவிஸுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதத்தோடு வரக்கூடும். மேலே ‘ஸ்கிலாகர்’ என்று இருக்கும். வகுப்போடு மலைக்குப் போய்த் தங்கி, சில நாள் பனிச்சறுக்குப் பழகும் முகாம். கீழே கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியல் ஒரு பக்கத்துக்கு நீளும். செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். முகாம் கட்டாயமானது என்றால், பிள்ளை வீட்டில் இல்லாததால் மிச்சமாகும் சாப்பாட்டுச் செலவை மட்டும்தான் பெற்றோரிடம் கேட்கலாம் என்று 2017 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வயதைப் பொறுத்து நாளுக்கு 10 முதல் 16 பிராங் வரை. ஸ்கி என்னும் சறுக்குப் பலகையையும் சப்பாத்தையும் விலைக்கு வாங்கவும் தேவையில்லை. கடைகளில் முழுக் குளிர்காலத்துக்கும் வாடகைக்குக் கொடுப்பார்கள், ‘சைசோன்மீட்டே’ என்று கேளுங்கள். இலையுதிர் காலத்தில் பல ஊர்களில் பழைய சாமான் கைமாறும் ‘ஸ்கிபோர்சே’ சந்தையும் நடக்கும்.

ஜாக்கெட், கையுறை, தொப்பி எல்லாம் எப்படியோ சமாளிக்கலாம். பிள்ளைக்கு அந்த வாரம் சந்தோஷமாகப் போகுமா, அழுதுகொண்டு போகுமா என்பது சப்பாத்தில்தான் இருக்கிறது. ஈரச் சப்பாத்தோடு காலையில் மலையேறும் பிள்ளையின் விரல்கள் பத்து மணிக்குள் விறைத்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியாளர் சொல்வதும் காதில் ஏறாது.

முதலில் சப்பாத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சப்பாத்து. வெளியே கல் போன்ற பிளாஸ்டிக் ஓடு. உள்ளே மெத்தென்ற நுரையாலும் துணியாலும் ஆன உள்சப்பாத்து, இங்கே ‘இன்னென்ஷூ’ என்பார்கள். அதற்குள் பாதத்தின் கீழே ஒரு தட்டையான அட்டை, ‘ஐன்லேகசோலே’. மூன்றும் தனித்தனியே கழன்று வரும். வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. சப்பாத்து நனைந்திருந்தால் பனி உள்ளே போய்விட்டது என்றே நினைத்தேன். ஓட்டின் மேல்விளிம்பால் கொஞ்சம் பனி இறங்குவது உண்டுதான். ஆனால் ஈரத்தின் பெரும்பங்கு பாதத்தின் வியர்வை. வெளியே மைனஸ் பத்தாக இருந்தாலும் பிளாஸ்டிக்குக்குள் இறுக்கிப் பூட்டிய கால் நாள் முழுக்க வியர்க்கும். அந்த வியர்வைக்கு வெளியேற வழியில்லை, நுரை முழுவதையும் குடித்துவிடும். அதனால்தான் வெளியே துடைத்துவிட்டு மூலையில் நிறுத்தினால் மூன்று நாளானாலும் காயாது.

நனைந்த எதையும் கண்டவுடன் வெயிலிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைப்பது நம் கைப்பழக்கம். ஊரில் அது சரி. இங்கே நானும் அதையே செய்தேன். மகனின் உள்சப்பாத்து இரண்டையும் கழற்றாமல், சப்பாத்தோடு சேர்த்து ஹீட்டருக்கு மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் வெளிப்புறம் சுட்டது, உள்ளே முனையில் கையை விட்டால் இன்னும் ஈரம். கணுக்காலுக்கு நேரே ஒட்டியிருந்த பசை விட்டு, நுரை ஒரு விரல் அகலத்துக்கு மடிந்து கெட்டியாகிப் போயிருந்தது. அந்த மடிப்பு அன்று மத்தியானத்துக்குள் அவன் கணுக்காலில் தோலை உரித்துவிட்டது. மேஸை, அதாவது காலுறையை, கழற்றும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ஹீட்டர், நெருப்பு, தலை உலர்த்தும் மெசினின் சூட்டுக் காற்று, காரில் கால் பக்கம் வரும் சூட்டுக் காற்று, எதுவும் வேண்டாம். சூடு பசையைப் பிரிக்கும், நுரையைச் சுருக்கும், ஓட்டையும் வளைக்கும். இதற்குத் தேவை அறையின் சாதாரண வெப்பமும் நகரும் காற்றும்தான்.

சரி, எப்படிக் காயவைப்பது? எங்கள் கட்டடத்தில் முதல் மாடியில் இருந்த ஒரு வயதான சுவிஸ் அம்மா காட்டித் தந்த முறையை இன்றுவரை மாற்றவில்லை. வீட்டுக்கு வந்த உடனே, குளிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் முன்னால், ஓட்டைப் பூட்டும் எல்லாக் கொளுவிகளையும் திறந்து விடுங்கள். ஓடு இன்னும் கால் சூட்டில் இளகி இருக்கும்போதுதான் உள்சப்பாத்து இலகுவாக வரும். ஓட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்துப் பிடித்து, உள்சப்பாத்தின் குதிப் பக்கத்தைப் பற்றி மேலே இழுங்கள், முனை தானாகப் பின்னால் வரும். அட்டையையும் எடுத்துத் தனியாகச் சாய்த்து வையுங்கள். ஓட்டுக்குள் நிற்கும் தண்ணீரைத் துணியால் துடைத்துவிடுங்கள், அதற்கு அவ்வளவே போதும்.

அப்புறம் பழைய பத்திரிகைத் தாள். சாதாரண நாளிதழ்த் தாள் நல்லது, வழவழப்பான விளம்பரத் தாள் தண்ணீரை உறிஞ்சாது. தாளைத் தளர்வாகக் கசக்கி உள்சப்பாத்தின் முனைவரை தள்ளுங்கள். இறுக்கி அடைத்தால் காற்றுப் போகாது. ஒரு மணி நேரத்தில் தாளை வெளியே எடுத்துப் பார்த்தால் ஈரத்துணி போல இருக்கும். அதை எறிந்துவிட்டுப் புதுத் தாள் வையுங்கள். படுக்கப் போகும்போது அதையும் எடுத்துவிட்டு, வாய் திறந்தபடி நிறுத்திவிடுங்கள். முதல் தாளை மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் இரவெல்லாம் உள்ளேதான் நிற்கும். இந்த ஒரு மாற்றலைப் பலர் செய்வதில்லை.

வாடகை வீட்டில் எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. படிக்கட்டில் வைத்தால் வீட்டுப் பராமரிப்பாளர் கட்டாயம் சொல்லுவார், அது தீ நேரத்தில் ஓடும் வழி. கெல்லர், அதாவது கட்டடத்தின் நிலவறை, பெரும்பாலும் குளிர், ஈரம். பல கட்டடங்களில் உடுப்புக் கழுவும் அறைக்குப் பக்கத்தில் துணி உலர்த்தும் அறை இருக்கும். சுவரில் ‘சேகோமாட்’ என்று எல்லோரும் சொல்லும், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பெட்டி பொருத்தியிருப்பார்கள். உள்சப்பாத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் கழுவும் அட்டவணையில் அன்று யாருடைய முறை என்று பார்த்து, வேறொருவருடையது என்றால் கேட்டுவிட்டு வையுங்கள். நிறையத் தடவை மலைக்குப் போகிற குடும்பம் என்றால் மின் உலர்த்தி ஒன்று வாங்கலாம். அது ஏறத்தாழ 40 பாகையில் மெல்லிய காற்றை ஊதும், ஹீட்டரைப் போல ஒரே பக்கத்தைச் சுடாது.

முகாமில் நீங்கள் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. ஆகவே போவதற்கு முன் பிள்ளையை இரண்டு மூன்று தடவை தானே கழற்றி மாட்டப் பழக்குங்கள். திரும்ப மாட்டும்போது உள்சப்பாத்தின் முன்பக்க நாக்கு நடுவில் நிற்கிறதா, குதி அடிவரை இறங்கியதா, முனையில் மடிப்பு இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு பிள்ளைக்கு இது முடியாது என்றால் அட்டையையாவது எடுத்து, தாள் வைத்து, நாக்கை முன்னால் இழுத்து விடத் தெரிந்தால் போதும். மாலையில் கொளுவியைத் திறந்து வைக்கும் இதே பிள்ளை, காலையில் சப்பாத்தைப் போட முடியாமல் திணறினால் காரணம் குளிர். பிளாஸ்டிக் குளிரில் கெட்டியாகும். அதனால் இரவு காரிலோ பல்கனியிலோ விடாதீர்கள்.

மேஸ் ஒரு சோடி மட்டும், முழங்கால்வரை நீளும் மெல்லிய கம்பளியோ செயற்கை நூலோ. இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வளரும் கால் என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்தாலும் கடைசியில் கால் குளிரத்தான் செய்யும். ஸ்கிச் சப்பாத்தின் அளவு பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். உள்சப்பாத்தை எடுத்துவிட்டு, விரல்கள் முன்னால் தொடும்படி வெறும் ஓட்டுக்குள் காலை வையுங்கள். குதிக்குப் பின்னால் ஒன்று இரண்டு விரல் நுழைந்தால் சரி.

மணம் வந்தால் உள்சப்பாத்தை வெதுவெதுப்பான தண்ணீரிலும் கொஞ்சம் மென்மையான சோப்பிலும் கையால் கழுவலாம். மெசினில் போடக் கூடாது. வாடகைச் சப்பாத்து என்றால் கடையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தார் வீதியில் ஸ்கிச் சப்பாத்தோடு நடப்பதைக் குறையுங்கள். அடியின் முன்முனையும் குதியும் தேய்ந்தால், விழும்போது கால் ஸ்கியிலிருந்து சரியாக விடுபடாது, அது முழங்காலை உடைக்கிற விஷயம். ஸ்கியைப் பூட்டும்முன் அடியில் ஒட்டிய பனியையும் கல்லையும் தட்டிவிடுங்கள். சப்பாத்தை ஸ்கியோடு பூட்டும் பிணைப்பைப் பிள்ளையின் எடைக்கும் உயரத்துக்கும் சப்பாத்தின் அடி நீளத்துக்கும் ஏற்றபடி கடையில் வைத்துத் தருவார்கள். அதை வருடாவருடம் சரிபார்க்கச் சொல்லி விபத்துத் தடுப்பு ஆலோசனை நிலையமான பேஎஃப்உ அறிவுறுத்துகிறது. சப்பாத்து மாறினால் அன்றே மறுபடி வைக்க வேண்டும்.

பழைய சாமான் கடையில் மலிவாகப் பார்த்து வாங்கும்போது வயதைக் கேளுங்கள். பல ஓடுகள் பொலியூரெத்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அது காற்றில் உள்ள ஈரத்தால் வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே சிதையும். வெளியே பளபளப்பாக இருக்கும், ஒருநாள் சரிவில் நடு ஓட்டமாக வெடித்துப் பிளக்கும். எனக்குத் தெரிந்த அண்ணர் ஒருவருக்கு இரண்டாவது ஓட்டத்திலேயே குதி உடைந்து கையோடு வந்தது. பத்து வருடத்துக்கு மேலானதைத் தொடாதீர்கள்.

சொந்தச் சப்பாத்து என்றால் ஏப்ரலில் இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு, உள்சப்பாத்தை மாட்டி, ஓடு உருக்குலையாமல் கொளுவிகளை மெதுவாகப் பூட்டி, அலுமாரியில் வையுங்கள், ஈரக் கெல்லரில் அல்ல. வாடகை என்றால் திருப்பிக் கொடுக்கும்முன் முனைவரை கையை விட்டுப் பாருங்கள், பிள்ளையின் ஒரு மேஸ் அங்கேதான் கிடக்கும்.