டெபிட் கார்டு ஓவர்டிராஃப்ட்: அமெரிக்கா வந்த புதிதில் செய்யக்கூடாத தவறுகள்

படிக்கவோ வேலைக்கோ அமெரிக்கா வந்து முதல் வங்கிக் கணக்கைத் திறந்திருக்கும் நம் ஆட்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: டெபிட் கார்டு ஓவர்டிராஃப்டுக்கு, அதாவது கணக்கில் பணம் போதாதபோது வங்கியே ஈடுகட்டிவிட்டு அதற்குக் கட்டணம் வாங்குவதற்கு, சம்மதம் கொடுத்திருக்கிறீர்களா, இல்லையா? பலருக்குத் தெரியவே தெரியாது. நம் ஊரில் சேமிப்புக் கணக்கில் 300 ரூபாய் இருக்கும்போது 500 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்தால் டிக்ளைன் ஆகும், வேறு கார்டை எடுப்போம், முடிந்தது. அதே நினைப்பில் இங்கே சம்மதம் கொடுத்துவிட்டு இருந்தால், கணக்கில் பணம் இல்லாதபோதும் கார்டு வேலை செய்யும், 6 டாலர் காபிக்கு 35 டாலர் வரை கட்டணம் விழலாம், அது விழுந்ததே சில நாள் கழித்துத்தான் தெரியும்.

முதல் தவறு, பெரிய தவறு, அந்தச் சம்மதத்தைப் படிக்காமல் கொடுப்பது. 2010-ல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிப்படி, கடையில் செய்யும் ஒரு முறை டெபிட் கார்டுச் செலவுக்கும் ஏடிஎம்மில் பணம் எடுப்பதற்கும் நீங்கள் தனியாகச் சம்மதிக்காமல் வங்கி ஓவர்டிராஃப்ட் கட்டணம் வாங்க முடியாது. அதாவது நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே பதில் 'வேண்டாம்' என்றுதான் அர்த்தம். ஆனால் கணக்குத் திறக்கும் நாளில் பத்துப் பதினைந்து பக்கங்களுக்கு நடுவே இந்தக் கேள்வியும் வரும், "அவசரத்துக்கு உங்கள் கார்டு வேலை செய்ய வேண்டாமா?" என்பது போலக் கேட்டால் யாருமே வேண்டும் என்றுதான் சொல்வார்கள். இந்தச் சம்மதத்தை வாங்கிய விதம் சரியில்லை என்று 2020-ல் டிடி வங்கி மீது மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. இழப்பீடும் அபராதமுமாக 122 மில்லியன் டாலர் கட்ட உத்தரவானது. நீங்கள் ஏற்கெனவே சம்மதித்திருந்தாலும் பரவாயில்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். வங்கியின் ஆப்பிலேயே பெரும்பாலும் இருக்கும், இல்லாவிட்டால் போன் செய்து சொல்லுங்கள். கார்டு டிக்ளைன் ஆவதால் கடையில் கொஞ்சம் சங்கடம் இருக்கும், ஆனால் அதற்குக் கட்டணம் கிடையாது.

அவசரத்துக்கு உதவும் கடன்தானே என்று சிலர் சொல்வார்கள். அதே நுகர்வோர் அமைப்பு 2014-ல் கணக்குப் போட்டுக் காட்டியது: டெபிட் கார்டு ஓவர்டிராஃப்ட் கட்டணங்களில் பாதிக்கு மேல் 24 டாலரோ அதற்குக் குறைவோ ஆன செலவுகளுக்கு விழுந்தவை, பெரும்பாலும் மூன்று நாளுக்குள் திருப்பிக் கட்டப்பட்டவை. 24 டாலரை மூன்று நாளைக்கு வாங்கி 34 டாலர் கட்டணம் கொடுத்தால் ஆண்டு வட்டி 17,000 சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்துவட்டிக்காரர்கூட இந்த விகிதத்தைக் கேட்க மாட்டார்.

அடுத்தது, ஆப்பில் தெரியும் பேலன்ஸை அப்படியே நம்புவது. அந்த எண்ணுக்கு நீங்கள் வீட்டு உரிமையாளருக்குக் கொடுத்த செக் தெரியாது, நாளைக்குப் போகப்போகும் கார் இன்சூரன்ஸ் தெரியாது. உணவகத்தில் 40 டாலர் பில்லுக்குக் கார்டைக் கொடுத்து 8 டாலர் டிப் எழுதினால், முதலில் 40-ஐத்தான் பிடித்து வைப்பார்கள், 48 ஆகப் போவது இரண்டு மூன்று நாள் கழித்து. கேஸ் ஸ்டேஷனில், நம் ஊர் பெட்ரோல் பங்க்கில், இதற்கு நேர்மாறு: பம்பிலேயே கார்டைப் போட்டால், 25 டாலருக்குத்தான் நிரப்பினாலும் நூறு டாலருக்கு மேல்கூடத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கலாம், அது விடுபடும் வரை அந்தப் பணம் உங்களுக்கு இல்லை. மாதக் கடைசியில் உள்ளே போய் கேஷியரிடம், இத்தனை டாலருக்கு என்று சொல்லி முன்பணம் கட்டி நிரப்புவது நல்லது. செக் போட்டதும் முழுத் தொகையும் கைக்கு வந்துவிடும் என்றும் எண்ணாதீர்கள்; பொதுவாக அடுத்த வேலை நாளில் கட்டாயம் தர வேண்டியது முதல் 275 டாலர் மட்டும், புதுக் கணக்கென்றால் இன்னும் தாமதமாகலாம்.

இதில் எனக்கு மிகவும் கோபம் வரும் வகை ஒன்று உண்டு. கார்டைத் தேய்த்த நேரத்தில் பணம் இருந்தது, வங்கியும் அனுமதித்தது, ஆனால் அந்தச் செலவு கணக்கில் ஏறும் நாளுக்குள் வேறொரு ஆட்டோபே போய்விட்டதால் கட்டணம் விழுகிறது. எவ்வளவு கவனமானவரும் இதில் மாட்டுவார். ரீஜன்ஸ் வங்கி இப்படி வாங்கியதற்காக 2022-ல் 191 மில்லியன் டாலர் கட்ட உத்தரவிடப்பட்டது. பெரிய தொகையை முதலில் கழிப்பது இன்னொரு பழைய வித்தை. கணக்கில் 100 டாலர் இருக்கிறது, ஒரே நாளில் 8, 12, 20 என்று மூன்று செலவு, கடைசியாக 90 என்று வையுங்கள். வந்த வரிசையில் கழித்தால் ஒரே கட்டணம், பெரியதிலிருந்து 90, 20, 12, 8 என்று கழித்தால் மூன்று கட்டணம், 35 வீதம் 105 டாலர்! இந்த வரிசை விவகாரத்துக்காக பேங்க் ஆஃப் அமெரிக்கா 2011-ல் 410 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. உங்கள் வங்கி எந்த வரிசையில் கழிக்கிறது, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை கட்டணம், எத்தனை டாலர் வரை குறைந்தால் மன்னிப்பு என்பதெல்லாம் கட்டணப் பட்டியலில் இருக்கும். அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

சம்மதம் கொடுக்கவில்லை, அதனால் கவலையில்லை என்று இருப்பதும் தவறு. அந்த விதி ஒரு முறைச் செலவுக்கும் ஏடிஎம்முக்கும்தான். செக், ஆட்டோபே, மாதாமாதம் டெபிட் கார்டிலிருந்து போகும் ஜிம், ஸ்ட்ரீமிங் சந்தா எதற்கும் பொருந்தாது. சந்தாக்களைக் கிரெடிட் கார்டுக்கு மாற்றுங்கள், வாடகை ஆட்டோபேயைச் சம்பளம் ஏறிய மறுநாளுக்குத் தள்ளுங்கள். சேமிப்புக் கணக்கை, அன்றாடச் செலவுக்கான செக்கிங் கணக்கோடு இணைத்துவைத்தால் குறையும் தொகை அங்கிருந்து வரும். இதற்குப் பல வங்கிகள் இப்போது காசு வாங்குவதில்லை.

வங்கியை மாற்றலாம் என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை. கேப்பிடல் ஒன்னும் சிட்டியும் 2022-ல் ஓவர்டிராஃப்ட் கட்டணத்தையே எடுத்துவிட்டன, பேங்க் ஆஃப் அமெரிக்கா அதே ஆண்டு 35-லிருந்து 10 டாலருக்கு இறக்கியது. ஓவர்டிராஃப்ட் கட்டணமே இல்லாத கணக்குகளும் பெரிய வங்கிகளில் உண்டு, சேஸ் செக்யூர் பேங்கிங் போல, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். அரசே உச்சவரம்பு வைத்துவிட்டதாமே என்று காத்திருக்க வேண்டாம்: பெரிய வங்கிகளுக்கு 5 டாலர் வரம்பு என்று 2024 டிசம்பரில் வந்த விதியை, நடைமுறைக்கு வரும் முன்பே நாடாளுமன்றம் ரத்து செய்து, 2025 மே மாதம் அதிபரும் கையெழுத்திட்டுவிட்டார்.

கட்டணம் விழுந்துவிட்டதா? அன்றே கணக்கில் பணம் போடுங்கள், அப்புறம் போன் செய்து, இது முதல் தடவை, தள்ளுபடி செய்ய முடியுமா என்று நேராகக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, முதல் தடவைக்குப் பல நேரம் திருப்பித் தருவார்கள்.

ஊருக்கே திரும்புகிறவர்கள் கணக்கைச் சும்மா விட்டுவிட்டு விமானம் ஏறாதீர்கள். எங்கோ மறந்த ஒரு சந்தா அதை மைனஸில் தள்ளும், கட்டணம் சேரும், வங்கி கணக்கை மூடி செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற பதிவேட்டில் ஏற்றிவிடும், அந்தப் பதிவு ஐந்து ஆண்டு வரை நிற்கும். இரண்டு வருடம் கழித்து வேறு விசாவில் வந்து புதுக் கணக்குக் கேட்டால் பல வங்கிகள் முடியாது என்று சொல்லும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே சந்தாக்களை நிறுத்தி, நிலுவை எல்லாம் முடிந்த பிறகு கணக்கை மூடி, மூடியதற்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.