கல்குவாரிக் குட்டையில் என்னென்ன உயிர் இருக்கிறது? நீரிலுள்ள டிஎன்ஏவை வைத்துக் கண்டறியும் முறை

பெங்களூரை அடுத்த ஆனேக்கல், ஜிகணிப் பக்கம் கருங்கல் வெட்டி முடித்த குழிகளில் மழைநீர் தேங்கி நிற்கிறது. சுற்றிலும் செங்குத்துப் பாறை. இறங்கி வலை போட வழியில்லை. மீனும் தவளையும் ஆமையும் தோல், சளி, எச்சம் வழியாக நீரில் விட்டுப்போகும் டிஎன்ஏவை வடிகட்டி, எந்த உயிரினத்துடையது என்று படிக்கும் முறை இங்கே நன்றாகக் கைகொடுக்கும். ஆய்வகக் கருவிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் முடிவு கெட்டுப்போவது பெரும்பாலும் கரையில்தான்.

நீர் மாதிரியைக் கோடை முடிவில் ஒருமுறை, மழை ஓய்ந்த டிசம்பரில் ஒருமுறை எடுங்கள். தவளைகள் முக்கியமென்றால் அவை கத்தத் தொடங்கும் ஜூனையும் சேருங்கள். கனமழைக்கு மறுநாள் வேண்டாம். சுற்றுவட்டாரமே கழுவி வந்து குழியில் சேர்ந்திருக்கும். கல் வெட்டாத ஏரி ஒன்றிலும் அதே வாரத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். வேலை நடக்கும் குவாரியென்றால் மேலாளரின் அனுமதியும் வெடி வைக்கும் நேரமும் முதலில் தெரிய வேண்டும். மிதவை உடுப்பு இல்லாமல் விளிம்புக்குப் போகாதீர்கள்.

ஒரு குட்டைக்குக் குறைந்தது 3 இடம், இடத்துக்கு 3 ஃபில்டர். ஆழமான குழியில் கோடைக்காலத்தில் மேல்நீரும் அடிநீரும் கலக்காது. அதனால் ஓரிடத்திலாவது எடை கட்டிய மாதிரிப் புட்டியைக் கயிற்றில் இறக்கி 3 முதல் 5 மீட்டர் ஆழத்து நீரையும் எடுங்கள். இவற்றோடு ஒரு வெற்று மாதிரி கட்டாயம்: வீட்டிலிருந்து கொண்டுபோன காய்ச்சி வடித்த நீரை அதே கரையில் திறந்து, அதே கையால், அதே முறையில் வடிகட்ட வேண்டும். அதில் மீன் டிஎன்ஏ வந்தால் உங்கள் பையில் ஏதோ அழுக்கு. வெற்று மாதிரி இல்லாத அறிக்கையை நாங்கள் படிப்பதேயில்லை.

திறந்த தட்டு ஃபில்டரைவிட மூடிய கேப்ஸ்யூல் ஃபில்டர் நல்லது. தூசி படாது, இடுக்கி தேவையில்லை. 0.45 மைக்ரான் துளை, 60 மில்லி சிரிஞ்சு, ஒவ்வொரு ஃபில்டருக்கும் புதுக் கையுறை. இலக்கு 1 லிட்டர். குவாரியில் அது எளிதில் நடக்காது: கிரஷர் தூசி கலந்த நீர் 200 மில்லியிலேயே அடைத்துக்கொள்ளும். அப்போது பலங்கொண்டு அழுத்தாதீர்கள். முட்டிக்கொண்டு நின்ற சிரிஞ்சு திடீரென லேசாக ஓடினால் சவ்வு கிழிந்துவிட்டது. அந்த ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள். நீரைத் தெளியவைத்து மேல்நீரை மட்டும் எடுப்பதும் தவறு, களிமண் துகளில் ஒட்டிய டிஎன்ஏ அடியில் தங்கிவிடும். ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று ஃபில்டர் பயன்படுத்திப் பின்னால் சேர்க்கலாம், அல்லது எல்லா இடங்களிலும் 5 மைக்ரான் துளைக்கு மாறலாம். ஓரிடத்தில் ஒரு துளை, இன்னோரிடத்தில் வேறு துளை என்றால் ஒப்பீடு போச்சு. எத்தனை மில்லி போனது என்பதை அங்கேயே எழுதுங்கள்.

வடித்ததும் காற்றை அழுத்தி மிச்ச நீரை வெளியேற்றி, 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனால் நிரப்பி, இரு முனையும் மூடி ஐஸ் பெட்டியில் வையுங்கள். லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள். மார்க்கர் மை எத்தனாலில் கரைந்துவிடும். அன்றிரவே மைனஸ் 20 டிகிரிக்குப் போக வேண்டும்.

கயிறு, பூட்ஸ், புட்டி எல்லாவற்றையும் அடுத்த குட்டைக்குப் போகுமுன் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். கரைசல் அன்றன்று கலந்ததாக இருக்கட்டும். நன்றாக அலசாவிட்டால் மிச்சமிருக்கும் பிளீச் நீங்கள் தேடும் டிஎன்ஏவையே சிதைக்கும். அமிலச் சுரங்க நீரோடு சேர்ந்தால் பிளீச் குளோரின் வாயுவைக் கிளப்பும். 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலைப் போலச் சயனைடு கழிவுமேடு உள்ள இடத்தில் பிளீச்சைத் திறக்கவே வேண்டாம். நச்சு வாயு உண்டாகும். கருவிகளை மூட்டை கட்டி வந்து, முதலில் வெறும் நீரில் நன்றாக அலசிய பிறகே பிளீச்.

ஆய்வகத்தில் முதல் தொல்லை, உலோகமும் மக்கிய இலைதழைகளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலமும் பிசிஆரை, அதாவது டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் வேலையைத் தடுப்பது. ஒன்றும் வராவிட்டால் உயிரே இல்லை என்று எழுதிவிடாமல், டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். அப்போது வந்தால் தடுப்புதான் காரணம். மீனுக்கு 12எஸ் மரபணுவின் மைஃபிஷ் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு), பூச்சிகளுக்கு சிஓஐ மரபணு. மாதிரிக்கு மூன்று பிசிஆர். தவளைக்கு எந்த மரபணு என்பதை, நம் ஊர் இனங்களுக்கு ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவகத்தில் எதன் வரிசைகள் உள்ளன என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். தரவகத்தில் இல்லாத இனம் பக்கத்து இனத்தின் பெயரில் வெளிவரும்.

பட்டியல் வந்ததும் வஞ்சிரமும் மத்தியும் இருக்கிறதா என்று பாருங்கள். கடல்மீன் பெங்களூர்க் குழியில் நீந்தாது. சாக்கடையோ கொட்டிய குப்பையோ சமையலறையிலிருந்து கொண்டுவந்திருக்கிறது. அப்படியானால் அதே பட்டியலிலுள்ள ரோகு, கட்லாவையும் நம்ப முடியாது. கோழியும் எருமையும் அப்படியே. ஆப்பிரிக்கக் கெளுத்தி தென்பட்டால், இந்தியாவில் தடைசெய்யப்பட்ட மீன் என்பதால், தூண்டில் போட்டு ஒன்றையாவது கண்ணால் பார்த்த பிறகே அறிக்கையில் உறுதியாக எழுதுங்கள். ஒரே ஒரு பிசிஆரில் மட்டும் வந்த இனத்தைத் தனிப் பட்டியலில் வையுங்கள். எத்தனை மீன், எவ்வளவு பெரியது என்று இந்த முறை சொல்லாது. கிடைத்த டிஎன்ஏ வரிசைகளின் எண்ணிக்கையை வைத்து அதைக் கணக்குப் போட வேண்டாம்.

பிரித்தெடுத்த டிஎன்ஏவில் பாதியை மறுசோதனைக்கென ஒதுக்கிவிடுங்கள். வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால், பெட்டி கட்டுமுன்பே சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் விதிமுறைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.