வலை, பொச்சு, ஓட்டைக் கூரை: மீன்வாடிக்குள் ஒரு கலை அறை கட்டுவது எப்படி

திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கமோ உப்புவெளிப் பக்கமோ பாவிக்காமல் கிடக்கிற ஒரு மீன்வாடி, அதாவது மீனவர்கள் வலையும் சாமானும் வைக்கிற கரையோரக் கொட்டில், உங்களுக்குக் கிடைத்தால், நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வாரத்தில், கையில் இருக்கிற சாமான்களை வைத்தே, உள்ளே வருகிறவரின் கால், கை, மூக்கு, காது எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கிற ஒரு அறையைக் கட்டிவிடலாம். இன்ஸ்டலேஷன் என்பார்கள், தமிழில் நிறுவல் கலை என்றும் சொல்கிறோம். சுவரில் மாட்டின படத்தைத் தள்ளி நின்று பார்க்கிற கதை இதில் இல்லை, ஆள் உள்ளே போய் நடக்க வேண்டும். போன ஆகஸ்ட் விடுமுறையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து நான் கட்டியதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வாடி கிடைக்காவிட்டால் ஓலைக் கொட்டில், வெறும் கராஜ் எதுவும் சரிதான், 10 அடிக்கு 12 அடி போதும். ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மழை என்பதால் அந்த மாதங்களை விடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை நல்லது, ஆனால் கச்சான் காற்று அடிக்கிற காலம் அது, தொங்குகிற எதையும் இரட்டை முடிச்சுப் போட்டே கட்டுங்கள்.

சாமான் சேர்க்க ஓடுவதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. எதைப் பற்றிய அறை என்று சின்னதாக முடிவெடுங்கள். "கடல்" என்று வைத்தால் சரிவராது, அது கைக்குள் அடங்காது. நாங்கள் எடுத்தது, கரைவலை இழுத்து முடிந்து எல்லாரும் போன பிறகு அந்த இடத்தில் மிஞ்சி நிற்கிற ஒரு மணி நேரத்தை. ஒரு தாளை எடுத்து, அந்த நேரத்தில் காலுக்கு என்ன தெரியும், கைக்கு என்ன, மூக்குக்கு என்ன, காதுக்கு என்ன என்று எழுதுங்கள். கண்ணுக்குத் தெரிவதைக் கடைசியாக எழுதுங்கள். கண்ணில் தொடங்கினால் அறை கோயில் சோடனை மாதிரித்தான் வரும். சோடனை அழகானதுதான், ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம், இங்கே ஆள் நிற்க வேண்டும்.

அதனால் நிலத்தில் இருந்து கட்டத் தொடங்குங்கள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்ல நம் ஊரில் விளக்கம் தேவையில்லை, அது பெரிய வசதி. முதல் நாலு அடிக்கு உலர்ந்த தேங்காய்ப் பொச்சை விரியுங்கள், குத்தும், ஆள் தானாக மெதுவாக நடக்கும். அடுத்த நாலு அடிக்கு ஈர மணல், பிறகு வெறும் சீமெந்துத் தரை. ஈர மணலில் இருந்து சீமெந்துக்குக் கால் மாறுகிற அந்த நொடியில் வருகிற குளிர்ச்சியைத்தான் வந்தவர்களில் பாதிப்பேர் பிறகு சொன்னார்கள். மணலைக் கடற்கரையில் அள்ளாதீர்கள், அதற்கு அனுமதி வேண்டும். கட்டட வேலை நடக்கிற வீட்டில் கேட்டால் மூன்று நாலு உரப்பை தருவார்கள். முருகைக் கல்லையும் (பவளப்பாறை) தொடாதீர்கள், உடைந்து கரையில் கிடப்பதென்றாலும் வேண்டாம். நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு துண்டும் எடுத்து வரக்கூடாது.

வலைதான் அறையின் உடம்பு. பழுதாகிப்போன பருத்தி அல்லது நைலோன் வலையை மீனவர்களிடம் கேட்டு வாங்குங்கள், தங்கூசி (ஒற்றை இழை நைலோன்) வலை வேண்டாம், அரை இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, கழுத்தில் விரலில் அறுக்கும். வாங்கினதும் அடிக்கயிற்றில் இருக்கிற ஈயக் குண்டுகளை முழுதாகக் கழற்றிவிடுங்கள். ஈயம் நஞ்சு, பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். பிறகு இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போடுங்கள், ஆனால் கையளவு துண்டொன்றைக் கழுவாமல் எடுத்து வையுங்கள், அதற்கு வேலை இருக்கிறது. வலையைக் கூரையோடு ஒட்டிக் கட்டாமல் தொய்யவிட்டு, சில இடத்தில் தோளில் முட்டுகிற அளவுக்கு இறக்குங்கள். ஜப்பானியக் கலைஞர் சிஹாரு ஷியோட்டா 2015 இல் இத்தாலியின் வெனிஸ் பியனாலே என்கிற கலைக் கண்காட்சியில் இரண்டு பழைய படகுகளுக்கு மேலே சிவப்பு நூலால் ஒரு வானத்தையே பின்னி, உலகமெங்கும் ஆட்களிடம் வாங்கிய சாவிகளை அதில் தொங்கவிட்டார். நாங்களும் வலைக்குள் ஒழுங்கைக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு சாமான் கேட்டு முடிந்தோம். தேய்ந்த மிதப்பு, உடைந்த அரிக்கன் லாம்பு, ஒரு மாமி தந்த வெற்றிலைத் தட்டு. தந்தவர்கள் எல்லாரும் தங்கள் சாமானைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தார்கள், வந்து தொட்டார்கள்.

தொடுவதைப் பற்றி இன்னொன்று. "தொடலாம்" என்று பலகை எழுதி வைத்தாலும் நம் ஆட்கள் தொடமாட்டார்கள், தொடாதே என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். வாசலில் கதவுக்குப் பதிலாகத் தடித்த கயிறுகளை நெருக்கமாகத் தொங்கவிடுங்கள், கையால் விலக்காமல் உள்ளே வரவே முடியாதபடி. ஒருமுறை கை பட்டுவிட்டால் பிறகு எல்லாவற்றையும் தொடுவார்கள்.

சத்தத்துக்குப் பெரிய ஸ்பீக்கர் தேவையில்லை. விடியற்காலையில் கரைக்குப் போய் போனில் பதிவு செய்யுங்கள், காற்றின் இரைச்சல் விழாமல் இருக்க போனுக்கு ஒரு சொக்ஸைப் போட்டு, கவிழ்த்து வைத்த வள்ளத்தின் மறைவில் வையுங்கள். வலை இழுக்கிறவர்கள் அம்பா, அதாவது வேலைப்பாட்டு, பாடினால், முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள், அது அவர்களுடைய பாட்டு. அப்புறம் பழைய போன் இரண்டை எடுத்து, ஒன்றில் 7 நிமிடப் பதிவும் மற்றதில் 11 நிமிடப் பதிவும் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். இரண்டும் பழையபடி ஒன்றாகத் தொடங்க 77 நிமிடம் ஆகும், அதனால் உள்ளே நிற்கிறவருக்கு ஒரே சத்தம் திரும்ப வருவதாகவே தோன்றாது. போன்களை ஆளுக்கொரு மண்பானைக்குள் இறக்கி வையுங்கள், அலையின் அடிச்சத்தம் கனமாக வரும்.

மணத்தில்தான் நான் பிழை விட்டேன். ஒரு உரப்பை நிறையக் கருவாட்டைக் கொண்டுபோய் மூலையில் வைத்தேன், முதல் நாள் ஒருவரும் ஒரு நிமிடத்துக்கு மேல் உள்ளே நிற்கவில்லை. மூக்கு எந்த மணத்துக்கும் சில நிமிடத்தில் பழகிவிடும் என்பதால் நிறைய வைத்தாலும் பலன் இல்லை, விட்டு விட்டு வர வேண்டும். இரண்டாம் நாள் கழுவாத அந்த வலைத்துண்டை வாசலுக்குப் பக்கத்திலும், நனைத்த வெட்டிவேரைக் காற்று நுழைகிற ஓட்டையிலும், இரண்டே இரண்டு நெத்தலிக் கருவாட்டைத் துணியில் முடிந்து தூரத்து மூலையிலும் வைத்தோம். நடக்க நடக்க ஒன்று போய் ஒன்று வந்தது. பிரேசில் கலைஞர் எர்னெஸ்டோ நேட்டோ, இழுபடுகிற மெல்லிய துணிக்குள் கராம்பு, மஞ்சள், மிளகு என்று நிரப்பிக் கூரையில் இருந்து தொங்கவிடுவார், பாரத்தில் துணி நீண்டு துளி மாதிரி இறங்கும். பழைய காலுறையும் சமையலறைச் சரக்கும் இருந்தால் அதை வீட்டில் செய்து பார்க்கலாம், மஞ்சள் உடுப்பில் ஒட்டினால் போகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சாம்பிராணி போடாதீர்கள். மூடின அறை, இழுப்பு உள்ளவர்கள் வருவார்கள், நைலோன் வலைக்குப் பக்கத்தில் நெருப்பே கூடாது.

வெளிச்சத்துக்குப் பழைய தகரக் கூரையை விட நல்லது எதுவும் இல்லை. இடுக்குகளைச் சாக்கால் அடைத்து, ஆணி ஓட்டைகளை மட்டும் விட்டுவிடுங்கள். தரையில் வட்ட வட்டமாக வெளிச்சம் விழும். ஓட்டை கோணலாக இருந்தாலும் விழுவது வட்டம்தான், ஏனென்றால் அது சூரியனின் உருவம். கூரை 8 அடி உயரம் என்றால் நடுப்பகலில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 அடி அந்த வட்டங்கள் நகரும். காலையில் பொச்சில் கிடந்தது பின்னேரம் வேறு இடத்தில் கிடக்கிறது என்று ஒரு சின்னப் பிள்ளைதான் முதலில் கண்டுபிடித்தது. ஒரு வெளிச்சக் கீற்றின் கீழே அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, முகம் பார்க்கிற கண்ணாடித் துண்டொன்றைச் சாய்வாக அமிழ்த்தி வையுங்கள், கண்ணாடியின் ஓரங்களுக்கு ஒட்டுநாடா ஒட்டிவிட்டு. கூரையில் அலை ஆடும், யாராவது பக்கத்தில் நடந்தால் இன்னும் ஆடும். இருட்டு மிஞ்சிப்போனால், 2002 இல் பிரேசில் மெக்கானிக் அல்பிரெடோ மோசர் செய்த மாதிரி 2 லீட்டர் போத்தலில் தண்ணீரும் இரண்டு மூடி பிளீச்சும் ஊற்றிக் கூரையில் பதிக்கலாம், பகலில் பல்பு தேவைப்படாது.

ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் விடாதீர்கள். வலை படாத, 3 அடி அகலமான நேர்வழி ஒன்று கட்டாயம் வேண்டும், வயதானவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும். அந்த வழியில் பொச்சும் மணலும் போடாதீர்கள், கையெட்டும் உயரத்தில் தட்டுகளில் வைத்துக் கொடுங்கள். பின்பக்கக் கதவைத் திறந்தபடியே வைத்து ஒரு சாக்கால் மறைத்தால் போதும்.

வெளியே வருகிற இடத்தில் ஒரு வாங்கு போட்டு, பிளேன்டீயும் ஒரு கடி பனங்கட்டியும் கொடுங்கள். கருவாட்டு மணத்துக்கும் ஈர மணலுக்கும் பிறகு அந்தப் பனங்கட்டி வேறு மாதிரி இனிக்கும், அதோடு ஆட்கள் உட்கார்ந்து கதைக்கத் தொடங்குவார்கள். எங்கள் வாங்கில் இருந்த ஒரு ஐயா, தான் முதல்முறை வலையின் மடி இழுத்த நாளைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னார். அவருடைய பேரனுக்கே தெரியாத கதை அது.

கழற்றும்போது வலையையும் இரவல் சாமான்களையும் வாங்கின வீட்டிலேயே கையில் கொடுங்கள். மணலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பொச்சு வாழைக்கு அடியில் போகும். கூரையில் ஆணி ஓட்டைகளை மழைக்கு முதல் தாரால் அடைத்துவிட்டு வாடிச் சாவியை ஒப்படையுங்கள்.