பழைய அம்பாசிடருக்குள் சத்தத்தையும் சூட்டையும் குறைப்பது எப்படி?

டீசல் அம்பாசிடரில் நெடுஞ்சாலையில் போகும்போது பின்சீட்டில் இருப்பவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் இடது கால் வேறு வெந்துகொண்டிருக்கும். 1950களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வடிவத்தை வைத்து மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் கட்டி, 2014 வரை விற்ற வண்டி இது. அந்தக் காலத்தில் சத்தத்தைத் தடுக்க என்று தனியாக யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. தரையில் கொஞ்சம் தார் பூச்சு, மேலே சணல் ஃபெல்ட், அதன்மேல் ரப்பர் மேட், அவ்வளவுதான்.

தரை, கதவு, கூரைத் தகடுகளில் சத்தத்தையும் சூட்டையும் தடுக்கும் ஷீட் போடும் இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். வெல்டிங் தவிர மற்றதற்கு மெக்கானிக் தேவையில்லை. பியட், ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் முறை ஒன்றுதான். ஆனால் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பழைய வண்டிக்கு முதல் எதிரி சத்தமோ சூடோ இல்லை, துரு. எந்த ஷீட்டை ஒட்டினாலும் அதன் அடியில் போகும் தண்ணீர் எப்படி வெளியே வரும் என்று கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

முதலில் வண்டியைக் கேளுங்கள்

ஷீட் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். ஆளில்லாத நேரான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜினை அணைக்க வேண்டாம், ஐட்லிங்கில் ஓடட்டும். இப்போதும் மிச்சமிருக்கும் இரைச்சல் டயரும் காற்றும். அப்புறம் வண்டியை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்துக்கொண்டே போங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வண்டி முழுக்க 'கும்'மென்று அதிர்ந்தால், அது இன்ஜின் மவுண்டிங் ரப்பரோ சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பரோ செத்துப்போனதன் அடையாளம். எத்தனை ஆயிரத்துக்கு ஷீட் ஒட்டினாலும் அந்த அதிர்வு போகாது. ரப்பரை மாற்றினால் போய்விடும்.

சைலன்சர் குழாயில் ஓட்டை, மேனிஃபோல்டு கேஸ்கட் கசிவு இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள். சத்தத்துக்காக மட்டும் இல்லை, கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும்.

கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கைப் பார்ப்பதும் இப்போதுதான். ஒரு காகிதத் துண்டை கதவிடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். சுலபமாக வந்துவிட்டால் அங்கே ரப்பர் பிடிக்கவில்லை. காற்றுச் சத்தத்துக்கு புதிய பீடிங் கொடுக்கும் பலனை எந்த விலை உயர்ந்த ஷீட்டும் கொடுக்காது.

என்னென்ன வாங்க வேண்டும்

மூன்று விதமான பொருள். மூன்றும் வெவ்வேறு வேலை செய்கின்றன, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

தகரத்தின் அதிர்வை அடக்குவது பியூட்டைல் டேம்பிங் ஷீட். ஒருபக்கம் அலுமினிய ஃபாயில், மறுபக்கம் பசை, 2 மிமீ தடிமன். சூட்டைத் தடுப்பது மூடிய துளை கொண்ட ஃபோம், 6 முதல் 10 மிமீ வரை. ஏசி டக்ட் வேலைக்கு விற்கிற கருப்பு நைட்ரைல் ஃபோமே இதற்கு நன்றாகப் பொருந்தும், கார் பெயர் போட்டு விற்பதைவிட விலையும் குறைவு. மூன்றாவது, சத்தம் கடக்காமல் மறிக்கும் கனமான வினைல் ஷீட். சதுர மீட்டருக்கு சுமார் 5 கிலோ இருக்கும். சத்தத்தை மறிப்பது எடைதான். எடை இரட்டிப்பானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும், அதனால் 'மெல்லியது, லேசானது, ஆனாலும் சத்தத்தை நிறுத்தும்' என்று யாராவது விற்றால் நகர்ந்து வந்துவிடுங்கள்.

அம்பாசிடர் அளவு வண்டிக்கு டேம்பிங் ஷீட் சுமார் 4 சதுர மீட்டர், ஃபோம் 8 சதுர மீட்டர், வினைல் தரைக்கும் ஃபயர்வாலுக்கும் (இன்ஜினுக்கும் வண்டியின் உட்புறத்துக்கும் நடுவே நிற்கும் தகடு) மட்டும் மூன்றரை சதுர மீட்டர் என்று கணக்கு வைக்கலாம். ஆனாலும் உங்கள் வண்டியை அளந்துவிட்டு வாங்குங்கள். எல்லாம் சேர்ந்து 30 கிலோவை ஒட்டி எடை கூடும். சென்னைக்காரர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது. மற்ற ஊர்களில் ஏசி இன்சுலேஷன் கடையையும் குஷன் கடையையும் விசாரியுங்கள்.

வாங்கக் கூடாதவை இரண்டு. மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட் பார்க்க டேம்பிங் ஷீட் மாதிரியே இருக்கும், விலையும் மலிவு. நம் ஊர் வெயிலில் அது இளகி வழியும், வண்டிக்குள் தார் வாசனை மாதக்கணக்கில் போகாது. இன்னொன்று, மெத்தை ஃபோம். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு தகரத்தை உள்ளிருந்தே அரிக்கும்.

கழற்றுவது

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். சீட் போல்ட்டுகளில் முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி வைத்தால் காலையில் தலை முறியாமல் வரும். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் ஒரு படம், ஸ்க்ரூக்களுக்குத் தனித்தனி கவர், கவரின் மேல் எந்த இடம் என்று எழுதிவிடுங்கள். பழைய சணல் ஃபெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஃபயர்வாலில் சாம்பல் நிறத்தில் நார்நாராக ஏதாவது ஒட்டியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், நனைத்து, முகக்கவசம் போட்டு எடுங்கள்.

தரையில் இறுகிப்போன தாரை ஹீட் கன்னால் லேசாக இளக்கி ஸ்கிரேப்பரால் எடுக்கலாம். நன்றாக ஒட்டியிருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள், அது இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. விளிம்பு தூக்கியிருக்கும் இடத்தை மட்டும் விடாதீர்கள். அடியில் கட்டாயம் துரு இருக்கும்.

துரு: அவசரப்படாத இடம்

இதற்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஓட்டுநர் காலடி, நான்கு கதவடிப் பகுதி, பின்சீட்டுக்கு அடி, டிக்கித் தரையின் ஓரங்கள் என்று குத்திப் பாருங்கள். 'டிக்' என்று எதிர்த்தால் சரி. 'சொத்' என்று உள்ளே போனால் டிங்கரிங் கடைதான். ஓட்டைக்கு பட்டி வைத்து மூடி அதன்மேல் ஷீட் ஒட்டும் வேலை வேண்டவே வேண்டாம். பியூட்டைல் ஒட்டிய பிறகு அந்த இடத்தில் வெல்டிங் வைத்தால் ஷீட் எரியும், அதனால் தகடு மாற்றுவது எல்லாம் இப்போதே முடிந்துவிட வேண்டும்.

மேலாக்கத் துரு மட்டும் என்றால் வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைப் பூசி, எபாக்ஸி பிரைமர், அப்புறம் பெயிண்ட். டப்பாவில் போட்டிருக்கும் உலரும் நேரத்தைவிடக் கூடுதலாகவே விடுங்கள். தின்னர் வாசனை போகாத பெயிண்டின் மேல் ஷீட் ஒட்டினால் சில மாதத்தில் கொப்புளமாகக் கிளம்பிவிடும். மழைக்காலத்தில் இந்தக் கட்டத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.

தரையில் இருக்கும் வடிகால் துளைகளைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை அவற்றுக்கு மேல் எதுவும் வரக் கூடாது.

ஓட்டையை அடைப்பது

ஷீட்டுக்கு ஆகும் செலவில் கால்வாசிகூட ஆகாத வேலை, ஆனால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே போதும், அந்தத் தடுப்பு எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறைக்காது. ஸ்பீடோமீட்டர் கேபிள், வயரிங், ஸ்டீயரிங் தண்டு, ஆக்சிலரேட்டர் கம்பி, எல்லாம் ஃபயர்வாலைத் துளைத்துத்தான் வருகின்றன. பழைய வண்டியில் அந்தத் துளைகளின் கிராமெட் ரப்பர் கல்லாகியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

இரவில் பானெட்டைத் திறந்து இன்ஜின் பக்கம் ஒரு டார்ச்சைப் போட்டுவிட்டு, வண்டிக்குள் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள். வெளிச்சப் புள்ளிகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். வயர் போகும் துளைக்குப் புதிய கிராமெட், பயன்படாத துளைக்கு ரப்பர் பிளக். பெடல் தண்டு தரையைத் துளைத்து வரும் வண்டி என்றால் அதற்குரிய ரப்பர் பூட்டையும் மாற்றிவிடுங்கள். இன்ஜின் சூடும் டீசல் வாடையும் காலில் அடிப்பது இந்த ஒரு வேலையிலேயே கணிசமாகக் குறையும்.

டேம்பிங் ஷீட் ஒட்டுவது

தரை முழுக்க வெள்ளிப் பாளமாக ஒட்டிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். அழகாக இருக்கும், தேவையில்லை. ஒரு தட்டையான தகட்டின் நடுவில் 25 முதல் 30 சதவீதம் மூடினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று நீளமாக ஒலிக்கும் இடத்தில் ஒட்டுங்கள், மந்தமாக 'டொக்' என்று கேட்கும் இடத்தை விட்டுவிடுங்கள். கியர்பாக்ஸுக்கு மேல் தரையில் மேடாக வரும் டனலிலும் ஃபயர்வாலிலும் மட்டும் பாதிப் பரப்பு வரை போகலாம்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, உலர்ந்ததும் ஒட்டுங்கள். முழு ஷீட்டை ஒரேயடியாக ஒட்டப் பார்க்க வேண்டாம், இரண்டு கையளவு துண்டுகளாக வெட்டிக்கொண்டால் டனல் வளைவில்கூட மடிப்பு விழாது. ஒரு ஓரத்திலிருந்து பசைக் காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே அழுத்துங்கள். அதன்பின் இரும்பு ரோலர். ஃபாயிலில் வைரக்கட்டம் போல ஒரு புடைப்பு வடிவம் இருக்கும், அது தட்டையாகி மறையும் வரை உருட்ட வேண்டும். மறையவில்லை என்றால் அடியில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். காற்று இருக்கும் இடத்தில் டேம்பிங் இல்லை, ஈரத்துக்கு இடம் உண்டு. குமிழ் வந்தால் பிளேடால் கீறி, காற்றை விட்டு மறுபடி உருட்டுங்கள். நம் ஊரில் பியூட்டைல் தானே இளகிக் கொடுக்கும். ஊட்டி, கொடைக்கானலில் டிசம்பரில் செய்தால்தான் ஹீட் கன் தேவைப்படும். கையுறை போடாமல் செய்யாதீர்கள், வெட்டிய ஃபாயில் விளிம்பு பிளேடுக்கு அண்ணன்.

ஃபோமும் வினைலும்

டேம்பிங்கின் மேல் ஃபோம், அதன்மேல் வினைல், அப்புறம் கார்பெட். ஃபோமுக்கு இங்கே இரண்டு வேலை: சூட்டைத் தடுப்பது, கனமான வினைல் தகரத்தைத் தொடாமல் பிடித்துக்கொள்வது. துண்டுகளின் இணைப்பில் இடைவெளி விடாமல் டேப் போடுங்கள்.

இங்கே பல கடைகள் செய்வதற்கு மாறாக ஒன்று சொல்கிறேன். தரையில் ஃபோமையும் வினைலையும் ஒட்டாதீர்கள். அளவாக வெட்டி வெறுமனே போடுங்கள், ஓரங்களில் வெல்க்ரோ போதும். முன்கண்ணாடி ரப்பர் வழியாக என்றைக்காவது தண்ணீர் இறங்கத்தான் போகிறது. அன்றைக்குத் தூக்கிக் காயப்போட முடிந்தால் தரை பிழைக்கும்.

வெள்ளிப் பூச்சு போட்ட ஷீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பான பரப்பு சூட்டைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் அதற்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். ஃபோமுக்கும் கார்பெட்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் ஃபாயில் எதையும் திருப்பி அனுப்பாது. அதே அலுமினியத் தகட்டை வண்டிக்கு அடியில், சைலன்சர் குழாய்க்கும் தரைக்கும் நடுவே, இரண்டு பக்கமும் இடம் விட்டுப் பொருத்தினால் பின்சீட்டுக்காரர் கால் சுடுவது நின்றுவிடும். பானெட்டுக்கு அடியிலும் இன்ஜின் பக்க ஃபயர்வாலிலும் சாதாரண ஃபோம் கூடவே கூடாது. எண்ணெய் ஊறினால் தீப்பிடிக்கும். அங்கே ஃபாயில் போர்த்திய கண்ணாடி இழைப் பேட் மட்டும்தான்.

கதவுகள்

ஹேண்டிலையும் கண்ணாடி சுற்றும் கைப்பிடியையும் எடுத்துவிட்டு டோர் பேடைக் கழற்றினால் ஒரு பிளாஸ்டிக் தாள் தெரியும், அல்லது அது இருந்ததன் கிழிசல் தெரியும். கண்ணாடி ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு, அடியில் இருக்கும் துளை வழியாக அது வெளியேற வேண்டும். அந்த நீர் பேடை நனைக்காமல் காப்பது இந்தத் தாள். புதிதாகக் கனமான தாள் வெட்டி ஒட்டுங்கள்.

வெளித்தகட்டின் உட்புறம் நடுவில் ஒன்றிரண்டு துண்டு டேம்பிங் போதும். ஒட்டும் முன் கண்ணாடியை முழுக்க இறக்கி எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோமைத் தாளுக்கும் பேடுக்கும் நடுவில் வையுங்கள், கதவின் வயிற்றுக்குள் வேண்டாம்.

கூரை

நிறுத்திவைத்த வண்டிக்குள் சூடு இறங்கும் பெரிய பரப்பு இதுதான். வெள்ளை வண்டிக்கு பெயிண்டே கொஞ்சம் காப்பாற்றும், கறுப்பு வண்டியின் கூரைத் தகட்டில் கை வைக்க முடியாது. ஆனால் டாப் லைனிங் கம்பி வளைவுகளில் தொங்கி, ஓரங்களில் ஒட்டப்பட்டிருக்கும். பழைய துணி கழற்றும்போதே கிழியலாம். லைனிங் மாற்றும் திட்டம் இருந்தால் மட்டும் குஷன் கடைக்காரருடன் பேசி அப்போது இதைச் செய்யுங்கள். டேம்பிங் நாலைந்து துண்டு, மேலே 6 மிமீ ஃபோம். பசை உயர் வெப்பம் தாங்கும் வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் கோடையிலேயே ஃபோம் லைனிங்மேல் வந்து உட்கார்ந்துவிடும். கண்ணாடி வழியாக வரும் வெயிலுக்கு இது எதுவும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பப் பூட்டுவது

தரை ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கும். சீட் போல்ட் நீளம் பற்றாது. சீட் கால்கள் உட்காரும் இடத்தில் ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு, தகரத்தோடு இறுகப் பூட்டுங்கள். ஃபோமை நசுக்கி முறுக்கினால் போல்ட் நாளடைவில் தளரும். மூன்று பெடலையும் முழுக்க மிதித்து, எதுவும் கார்பெட்டில் இடிக்கவில்லை, ஆக்சிலரேட்டர் சிக்காமல் திரும்புகிறது என்று பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். கார்பெட்டைப் பிடிக்கத் தரையில் ஸ்க்ரூ அடிக்காதீர்கள். அடியில் பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் ஓடுகின்றன.

டீசல் இன்ஜினின் தடதடப்பு இதற்குப் பிறகும் கேட்கும், இது அம்பாசிடர்தான். ஆனால் கத்தாமல் பேசலாம், கதவை மூடினால் 'டங்' போய் 'டப்' வரும். போன் செயலியில் டெசிபல் பார்த்து ஏமாற்றமடைய வேண்டாம், தாழ்ந்த அதிர்வுகளை அவற்றில் பல சரியாகக் காட்டாது.

முதல் நல்ல மழை பெய்த மறுநாள் முன்பக்கக் கார்பெட்டின் இரண்டு ஓரத்தையும் தூக்கி, ஃபோமுக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காயவைத்துவிட்டு, முன்கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகளில் இருந்து தேட ஆரம்பியுங்கள்.