சுமை ஏறியதும் அணைந்த இன்வெர்ட்டர்

வேனில் பொருத்தியிருந்த 2000 வாட் இன்வெர்ட்டர், விளக்குகளையும் மடிக்கணினியையும் சிரமமின்றி இயக்கியபோதிலும், மின்சாரக் கெட்டிலைப் போட்டதும் அபாய ஒலி எழுப்பி அணைந்துவிடும். இத்தகைய நேரத்தில் எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் கெட்டில் ஓடிக்கொண்டிருந்தபோதே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில், பேட்டரி முனைகளில் 12.3 வோல்ட்டும் இன்வெர்ட்டர் முனைகளில் 10.4 வோல்ட்டும் காட்டியது. 12 வோல்ட் அமைப்பில் 2000 வாட் எடுக்கும்போது 170 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாயும் என்பதால், இணைப்பில் 0.005 ஓம் தடை இருந்தாலே ஏறக்குறைய 0.85 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும்.

இழப்பில் பெரும்பகுதி நெகட்டிவ் பக்கத்தில் இருந்தது. வண்டியின் பாடியில் போல்ட் போட்டு முறுக்கியிருந்த லக்கின் (கேபிள் முனையிலுள்ள உலோக வளையம்) அடியில் பெயின்ட் சுரண்டப்படாமல், சூட்டில் பழுப்பேறிப்போயிருந்தது. பாடியை நம்பாமல் பேட்டரியிலிருந்தே 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளை நேராக இழுத்து, பாசிட்டிவ் முனையை ஒட்டி 250 ஆம்பியர் ஃபியூஸையும் வைத்த பிறகு, இழப்பு 0.3 வோல்ட்டாகக் குறைந்தது.