டீக்கடை என்று நினைத்தேன், கோப்பையாம்: கிரீன்லாந்துச் சொல்லைப் பிரிப்பது எப்படி

வேலூரில் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ஒரு லாட்ஜில் எனக்கு இராத்திரி டூட்டி. வைத்தியத்துக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசி பெங்காலி ஓரளவு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் கிரீன்லாந்துக்காரர்களின் கலாலிசுத் மொழியில் கைவைத்தேன். 2009 முதல் அங்கே அதுதான் ஒரே ஆட்சிமொழி. அதன் சொற்கள் ரயில் நீளத்துக்கு இருக்கும். மிரளாமல் பிரிக்க நான் கண்ட வழி இது.

'இல்லு' என்று ஒரு தாளில் எழுதுங்கள். வீடு என்று பொருள். பக்கத்தில் 'லியொர்' போடுங்கள், செய்வது, கட்டுவது. கடைசியில் 'பொக்', அவன், அவள், அது மூன்றுக்கும் பொதுவான வினை முடிவு. இல்லுலியொர்பொக்: வீடு கட்டுகிறார். நமக்குக் 'கட்டு' தனிச்சொல். அங்கே லியொர் தனியாக நிற்காது, நாம் யாரையும் வெறும் 'காரன்' என்று கூப்பிடாததுபோல. இதே விகுதி காபிக்கும் உதவும்: கஃபிலியொர்பொக், காபி போடுகிறார். லியொரை எடுத்துவிட்டு 'சொர்' வைத்தால் கஃபிசொர்பொக், காபி குடிக்கிறார். இப்படிப்பட்ட விகுதிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. மொத்தமாக மனப்பாடம் செய்யாதீர்கள். பத்தைக் கற்றுக்கொண்டு சொற்களில் தேடுங்கள்.

அடுத்தது 'கர்', உடையது அல்லது இருக்கிறது என்று பொருள். இந்தக் க தொண்டைக்கு அடியிலிருந்து வர வேண்டும். அதற்கு முன்னால் உகரம் ஒகரமாகும், இகரம் எகரமாகும். அதனால் இல்லு, இல்லொகர்பொக் ஆகிறது. சில விகுதிகள் முன்னால் இருக்கும் மெய்யை விழுங்கியும்விடும். சவிக் என்றால் கத்தி. சவெகர்பொக், கத்தி வைத்திருக்கிறார். மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆகும்போது ம் காணாமல் போகிறதே, அப்படி. பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதிக்கு அடி வாங்கியவர்களுக்கு இங்கே வேலை சுலபம்.

இப்போது முக்கியமான விஷயம். ஒவ்வொரு விகுதியும் தனக்கு முன்னால் உள்ள எல்லாவற்றின் மேலும் வேலை செய்யும். இல்லு + கர் என்ற மொத்தத்தின் மேல் இடத்தைக் குறிக்கும் 'ஃபிக்' ஏறினால் இல்லொகர்ஃபிக். வீடுகள் உள்ள இடம், அதாவது நகரம். நெரி என்றால் சாப்பிடு. அதோடு நோக்கத்துக்கு நியர், வழக்கத்துக்குத் தர், இடத்துக்கு ஃபிக். நெரினியர்தர்ஃபிக்: சாப்பிடவென்று வழக்கமாகப் போகும் இடம். ஓட்டல்தான். நான் தினமும் எதிரே பார்க்கும் ஆஸ்பத்திரி அங்கே நப்பர்சிம்மவிக். நப்பர்சிமவொக் என்றால் உடம்பு சரியில்லை. ஃபிக் இங்கே விக் ஆகியிருக்கிறது.

இந்த மிதப்பில் தீதொர்ஃபிக் என்ற சொல்லைப் பார்த்தேன். தீ, டீ. தொர், குடிப்பது; சொர்தான் இந்த வேஷத்தில் வருகிறது. ஃபிக், இடம். டீக்கடை என்று எழுதி வைத்தேன். அகராதியைப் புரட்டினால் டீக்கோப்பையாம்! ஆகவே பிரித்த பிறகு அகராதியைப் பார்த்தே தீர வேண்டும். நம் 'காரர்' மட்டும் என்ன ஒழுங்கு? பால்காரர் பால் விற்கிறவர். வீட்டுக்காரர், வீட்டுச் சொந்தக்காரரும் ஆகலாம், புருஷனும் ஆகலாம். கடன்காரன் கொடுத்தவனா வாங்கினவனா என்று கேட்டால் ரெண்டு பேரும்தான்.

(பனிக்கு அவர்களிடம் ஏகப்பட்ட சொல் உண்டு என்று ஒரு பேச்சு உலவுகிறது. எத்தனை என்று கேட்காதீர்கள். விகுதியை ஒட்டிக்கொண்டே போகும் மொழியில் சொல்லை எண்ணி முடிக்க முடியாது.)

கடைசியாக ஒரு பெரிய சொல்: துசாங்ஙித்சூசார்துவான்னர்சின்னாங்ஙிவிப்புதித். முதலில் இரண்டு முனையையும் பிடியுங்கள். தலையில் துசா, கேள். வாலில் புதித், நீ. அப்புறம் இடையில் இருப்பதை இடமிருந்து வலமாக உரியுங்கள்: ங்ஙித், இல்லை; சூசார், பாசாங்கு; துவான்னர், எப்போதும்; சின்னா, முடியும்; ங்ஙி, மறுபடியும் இல்லை; விப், நிஜமாகவே. காதில் விழாத மாதிரி எப்போதும் பாசாங்கு செய்ய உன்னால் நிஜமாகவே முடியாது. ரெண்டு 'இல்லை' வருகிறதே என்று குழம்ப வேண்டாம். முதலாவது கேட்பதை மறுக்கிறது, இரண்டாவது முடிவதை மறுக்கிறது. எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் வேலை. கேட்காமல் இருக்க முடியும் என்பதும் கேட்க முடியாது என்பதும் நமக்கும் ஒன்றில்லையே.

எங்கள் ரூம்பாய்க்கு இராத்திரி இரண்டு மணிக்குமேல் பெல் அடித்தால் காதில் விழாது. போன வாரம் மூன்றாவது பெல்லுக்கும் போர்வையை விலக்கவில்லை. பக்கத்தில் போய் இந்தச் சொல்லை மூச்சு விடாமல் சொன்னேன்.

"இன்னாண்ணா, பெங்காலியா?" என்று எழுந்து உட்கார்ந்தான்.