ஐந்தாவது சனிக்கிழமைச் சம்பளம்

திருப்பூரில் பனியன் கம்பெனிச் சம்பளம் சனிக்கிழமை பொழுதோட கைக்கு வரும். வீட்டுக்கடன் தவணையோ மாசம் 5ஆம் தேதி போகும். வாரத்துக்கு வரும் பணத்தை வைத்து மாசத்துக்குக் கட்டும் கடனை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல் நாங்கள் இரண்டு வருசம் திண்டாடினோம். எங்களை மாதிரி வாரச் சம்பளக் குடும்பங்கள் இங்கே நெம்ப இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓவர்லாக் டெய்லர். எங்க வீட்டுக்காரர் கட்டிங்கில் இருக்கிறார். பெருமாநல்லூர் பக்கம் ஒண்ணே முக்கால் சென்ட் சைட்டில் வீடு கட்ட 2021 மார்ச்சில் 10 லட்சம் வாங்கினோம். வட்டி 9 சதவீதம், 15 வருசம், மாசத் தவணை 10,143 ரூபாய். கிரகப்பிரவேசச் செலவுக்கு வெளியில் மூணு வட்டிக்கு 60,000 வாங்கினோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் சேர்ந்த நேரத்தில் பத்து வாரக் கடனும் ஒன்று வந்து சேர்ந்தது.

முதலில் செய்ய வேண்டியது ஒரே வேலைதான். கடன் வாங்கிய இடத்துக்கு நேரில் போய் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். நான் 2023 மார்ச்சில் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அங்கிருந்த பொண்ணு, "இன்னும் 187 மாசம் இருக்குதுங்க அக்கா" என்றது.

"24 மாசம் கட்டியாச்சு. 156 தானுங்க இருக்கோணும்?"

"வட்டி பத்தரை ஆயிருச்சுங்க. தவணையை ஏத்தாம மாசத்தை நீட்டியிருக்குது."

2022 மே மாசத்தில் இருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது பேங்குகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 4 சதவீதத்தில் இருந்து ஆறரைக்கு ஏற்றியது. அதன் பின்னாடியே எங்கள் வட்டியும் ஏறிவிட்டது. தவணைத் தொகை மாறாததால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டரை வருசத்துக்கு மேல் சத்தமில்லாமல் கூடியிருக்கிறது. இப்போது விதி கொஞ்சம் நல்லபடியாக இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, மாசத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டாலும் நீங்கள் போய்க் கேட்கலாம்.

அன்றைக்குக் கையில் வாங்கிய தாளைப் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தேன். 10,143 ரூபாய் கட்டுகிறோம். அதில் வட்டிக்குப் போனது 8,144. அசலில் கழிந்தது 1,999. இதே வரிசை வரிசையாகக் கீழே இறங்குகிறது. வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரரிடம் அந்த வரிசையை விரலால் காட்டினேன். அடுத்த மாசத்து அசல் இரண்டாயிரத்துச் சொச்சம். அதை மட்டும் இன்றைக்கே அசலில் கட்டிவிட்டால், அந்த ஒரு வரிசை அப்படியே அடிபட்டுப் போகும். அதில் எழுதியிருக்கும் எட்டாயிரத்துச் சொச்சம் வட்டியைக் கட்டவே வேண்டாம். அவருக்கு அப்போதுதான் விசயம் பிடிபட்டது. எனக்கும்தான். அன்றைய பாக்கிக்கு மாசம் 1,000 ரூபாய் கூடக் கட்டினாலே 187 மாசம் 151 ஆகிவிடும், 2 லட்சத்துக்கு மேல் மிச்சம். மாசம் 1,000 என்றால் ஒரு நாளைக்கு 33 ரூபாய். இங்கே பேக்கரியில் ஒரு டீயும் ஒரு பப்ஸும் வாங்கினால் அவ்வளவு ஆகிவிடும்.

ஆனால் உடனே வீட்டுக்கடனில் போய்க் கட்டிவிடாதீர்கள். வட்டி எதில் அதிகமோ அதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். பத்து வாரக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள், வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். வட்டி 1,500 தானே என்று தோன்றும். வாராவாரம் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருசத்துக்கு 150 சதவீதத்தைத் தாண்டும். மூணு வட்டி வருசத்துக்கு 36 சதவீதம். இவையெல்லாம் இருக்கும்போது பத்தரை சதவீதக் கடனில் கூடுதலாகக் கட்டினால் நட்டம்.

பத்து வாரக் கடனை முடித்த கையோடு இன்னொன்று வாங்காமல் நிறுத்தினோம். அதுதான் நெம்பக் கஷ்டம். கட்டி முடித்த அன்றைக்கே "அடுத்தது போடட்டுங்களா" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் வாசலிலேயே நின்றேன். மூணு வட்டிக் கடனுக்கு என்னுடைய இரண்டு பவுன் சங்கிலியை பேங்கில் அடகு வைத்து 60,000 வாங்கி அசலை முடித்தோம். மாசம் 1,800 வட்டி கட்டிக்கொண்டிருந்தோம். ஒன்பதரை சதவீத நகைக்கடனில் அது 475 ஆனது. அந்த 1,325 ரூபாய் வித்தியாசம் செலவில் கரைவதற்கு முன்னால் மாசா மாசம் நகைக்கடன் அசலிலேயே கட்டினோம். எங்கள் பேங்கில் ஐநூறு, ஆயிரம் என்று கொண்டுபோனாலும் வாங்கிக்கொண்டார்கள். நகையை அடகு வைக்கக் கூசுகிறவர்கள் இருக்கிறார்கள், அத்தைக்கும் மனசில்லைதான். இப்படியே மூணு வட்டி கட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சங்கிலியை மாதிரி இன்னொன்று வாங்குகிற பணம் போய்விடும் என்று சொன்ன பிறகுதான் சரியென்றார்கள்.

வீட்டில் பணம் எங்கே போகிறது என்பதை நான் நாலு வாரம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். பெரிய செலவு ஒன்றும் கண்ணில் படவில்லை. சம்பளம் வந்த சனிக்கிழமை ராத்திரியும் ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாட்களின் ராத்திரியும்தான் பணம் போயிருந்தது. ஒன்பதரை மணிக்கு வீடு வந்தால் அடுப்பு பற்ற வைக்க உடம்பில் தெம்பு இருக்காது. நாலு பேருக்குப் பரோட்டா பார்சல் 240 ரூபாய். வாரத்துக்கு இரண்டு தடவை.

அதற்கு வழி அரிசியும் பருப்பும் சாதம்தான். புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, அம்மாயி காலத்துச் சோறு. காலையில் கிளம்பும் முன்னாலேயே இரண்டு டம்ளர் அரிசியும் அரை டம்ளர் துவரம்பருப்பும் அளந்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். இன்னொரு கிண்ணத்தில் உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, ஆறு பல் பூண்டு, இரண்டு வரமிளகாய். ராத்திரி வந்ததும் குக்கரில் கடலெண்ணெய், கடுகு, சீரகம், கிண்ணத்தில் இருப்பது, ஒரு தக்காளி, மஞ்சத்தூள். அரிசி பருப்பைக் கழுவிப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினால் நான் முகம் கழுவி வருவதற்குள் மூணு விசில். தயிரும் ஊறுகாயும் போதும். காலையில் எடுத்து வைக்கும் அந்த ஐந்து நிமிசம்தான் இதில் முக்கியம். எடுத்து வைக்காத நாட்களில் நாங்கள் பரோட்டாவுக்கே போயிருக்கிறோம்.

துவரம்பருப்பும் பாமாயிலும் ரேசனில் கிலோ 30க்கும் லிட்டர் 25க்கும் கிடைக்கிறது. விட்டுவிடாதீர்கள். காய்க்கு ஞாயிற்றுக்கிழமை தென்னம்பாளையம் உழவர் சந்தை. வெள்ளெனப் போனால் நல்ல காய், கடை கட்டும் நேரத்தில் போனால் விலை குறைவு. நாங்கள் கடை கட்டும் நேரத்துக்காரர்கள். அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாசத்தில் இருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லை. பத்து நிமிசம் முன்னால் கிளம்பினால் அந்த பஸ், பிந்திவிட்டால் ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய். கரன்ட் பில்லில் இரண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டினால் 101இல் இருந்து 200 வரைக்குமான யூனிட்டுக்கு இருக்கும் குறைந்த கட்டணம் கிடைக்காமல் போகும். கணக்கெடுக்க வருவதற்குப் பதினைந்து நாள் முன்னால் மீட்டரைப் பார்த்தால் அடக்கிக்கொள்ளலாம்.

மிச்சமான பணத்தை அன்றன்றைக்கே தனியாக ஒதுக்க வேண்டும். பரோட்டா வாங்காத 240 ரூபாயைப் பர்ஸிலேயே விட்டால் புதன்கிழமைக்குள் அது இருந்த தடமே தெரியாது. நாங்கள் ஏடிஎம் கார்டு இல்லாத ஒரு சேமிப்புக் கணக்கை வைத்திருக்கிறோம். வாங்காமல் விட்டதை அப்போதே அதற்கு ஜிபேயில் அனுப்பிவிடுவேன். வாரம் 250, 300 சேரும்.

இனி சனிக்கிழமை கணக்கு. வருசத்துக்கு 52 வாரம். மாசத்துக்கு நாலு சனிக்கிழமை என்று வைத்துக் குடும்பம் நடத்தினால் 48 வாரச் சம்பளத்தில் எல்லாம் ஓட வேண்டும். தவணை, ஸ்கூல் வேன், கேஸ், மளிகை எல்லாவற்றையும் நாலு சனிக்கிழமைக்குப் பிரித்தோம். முதல் சனிக்கிழமை என் சம்பளமும் அவர் சம்பளத்தில் பாதியும் தவணைக் கணக்குக்கு, மிச்சத் தவணை அடுத்த வாரம், இப்படி. மீதி நாலு வாரம், அதாவது ஐந்து சனிக்கிழமை வருகிற மாசத்தின் கடைசிச் சம்பளம், வீட்டுக்கடன் அசலுக்கு. அந்த வாரமும் சோறு திங்க வேண்டும் அல்லவா, அதற்கு எடுத்தது போக எங்களுக்கு 6,000 நிற்கும். வருசத்துக்கு 24,000. முன்பெல்லாம் அந்த ஐந்தாவது வாரம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

தீபாவளி போனஸ் இதோடு சேரும். 2024 தீபாவளிக்கு இரண்டு பேர் போனஸிலும் துணிமணி எடுத்தது போக 25,000 கட்டினோம். அன்றைய பாக்கியில் அது 9 தவணையைக் கழித்தது. 9 தவணை என்றால் 91,000 ரூபாய்.

கட்டும் முறையில் ஒரு எச்சரிக்கை. முதல்முறை இரண்டு ஐந்தாவது வாரப் பணத்தைச் சேர்த்து 12,000 கட்டினோம். இரண்டு மாசம் கழித்துப் பார்த்தால் அதை அசலில் கழிக்காமல் அடுத்த தவணைக்கான முன்பணமாக வைத்திருந்தார்கள். வட்டி ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. சண்டை போட்டுத்தான் மாற்ற வேண்டி வந்தது. அதனால், "இந்தத் தொகையை அசலில் கழிக்கவும், தவணைத் தொகையைக் குறைக்காமல் மாசத்தைக் குறைக்கவும்" என்று தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். பதினைந்து நாள் கழித்துப் புது ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாருங்கள். மாறும் வட்டியில் வாங்கிய தனிநபர் வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. கேட்டால் ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லுங்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது இவ்வளவு கட்ட வேண்டும் என்று சில இடங்களில் வைத்திருப்பார்கள், அதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பணத்தையும் கடனில் கொட்டிவிடவும் கூடாது. இரண்டு தவணைக்கான பணம் எப்போதும் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 250, 300 ரூபாய்களை நாங்கள் முதலில் சேர்த்தது இதற்காகத்தான். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது, சில வாரம் நாலு நாள்தான் வேலை. அந்த மூணு மாசமும் கூடுதலாக எதுவும் கட்டவில்லை, ஆனால் 5ஆம் தேதித் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை, வெளியில் கைநீட்டவும் இல்லை. கணக்கில் பணம் இல்லாமல் தவணை ஒரு தடவை திரும்பினால் பேங்கில் ஒரு அபராதம், கடன் கொடுத்த இடத்தில் ஒரு அபராதம்.

மொய் விசயத்தில் நான் கறாராக இருக்கிறேன். மொய் நோட்டை எடுத்துப் பார்த்து, அவர்கள் நமக்குச் செய்ததைத் திருப்பிச் செய்வோம், முடிந்தால் கொஞ்சம் கூட்டி. அதற்கு மேல் கடன் வாங்கி யாருக்கும் செய்வதில்லை. பங்காளி வீட்டுக் காதுகுத்துக்குக் கூட ஒரு தடவை பணத்தைக் குறைத்துக்கொண்டு முந்தின நாளே போய் வேலை செய்து கொடுத்தோம். அந்த அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லுகிறார்கள்.

இப்போது எங்களுக்கு 120 மாசம் பாக்கி. ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் 153 இருக்கும். 2025 பிப்ரவரியில் இருந்து ஜூனுக்குள் ரெப்போ வட்டி 1 சதவீதம் இறங்கியிருக்கிறது. ஏற்றும்போது தானாக ஏறிய எங்கள் வட்டி, இறங்கும்போது தானாக இறங்கவில்லை. குறைக்கச் சொல்லி போன மாசம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மாற்றுவதற்கு ஒரு கட்டணம் உண்டாம். மிச்சமாகும் வட்டியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துக் கட்டலாம் என்று இருக்கிறோம்.

கடன் முழுசும் முடிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முடித்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரில் இருந்து விதி. பத்திரம் கைக்கு வந்ததோடு விடாமல், சார் பதிவாளர் ஆபீசில் அடமானத்துக்கு ரசீது பதிந்து, வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

2026இல் ஐந்து சனிக்கிழமை வருவது ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர். 31, 30, 29, 31. சமையலறைக் காலண்டரில் என் மகள் நாலையும் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.